பழைய லாப்டாப்புல லினக்ஸ் போட்டா நெஜமாவே பறக்குமா?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட கும்பிடு போட்டுடுச்சு. வீட்டுல யூஸ் பண்றவங்க பதிவு பண்ணிக்கிட்டா அந்த தேதியில இருந்து ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்னு சொன்னாங்க, அவ்வளவுதான். அதுல இருந்து பழைய லாப்டாப் வெச்சிருக்கவங்க யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்குது, "லினக்ஸ் போட்டுடு, பறக்கும்". லினக்ஸ்ங்கறது விண்டோஸுக்குப் பதிலா போட்டுக்கக்கூடிய இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம். நான் லினக்ஸ் ஆளுதான், இருந்தாலும் இந்த பதில் பாதிதான் சரி. அந்த மீதி பாதியை யாரும் சொல்லாததாலதான் நிறைய பேரு ஒரு ஞாயித்துக்கிழமை ஃபுல்லா உக்காந்து இன்ஸ்டால் பண்ணிட்டு, யூடியூப் தொறந்து பாத்துட்டு, "என்னய்யா அதே ஆமை வேகம்தானே"ன்னு மறுபடி விண்டோஸ் 7க்கே போயிடறாங்க.

முதல்ல பழைய கம்ப்யூட்டர்னு நாம சொல்றதுல ரெண்டு ஜாதி இருக்கு, அதைப் பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு காகிதத்துல பழசானது. விண்டோஸ் 11 வேணும்னா டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் இருக்கணும், இன்டெல்னா கிட்டத்தட்ட 8ஆம் தலைமுறை புராசசர்ல இருந்துதான் லிஸ்ட்லயே சேப்பாங்க. அப்போ 2016-17ல வாங்கின 7ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம் இருக்குற நல்ல மெஷின் கூட ஒரே ராத்திரியில பழசாயிடுது. அந்த மெஷினுக்கு ஒரு வியாதியும் இல்ல, அதுல லினக்ஸ் போட்டா கண்ணை மூடிட்டு ஓடும், அதைப் பத்தி எழுத பெருசா எதுவும் இல்ல.

இன்னொண்ணு நெஜமாவே வயசானது. நம்ம ஊர்ல அதுக்கு பெஸ்ட் உதாரணம் தமிழ்நாடு அரசு குடுத்த இலவச லாப்டாப். 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டம், பிளஸ் டூ பசங்களுக்கும் காலேஜ் பசங்களுக்கும் லட்சக்கணக்குல குடுத்தாங்க. ஆரம்பத்துல வந்ததுல பெரும்பாலும் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் ஸ்க்ரீன். இன்னிக்கும் எத்தனையோ வீட்டு பீரோ மேல, மூடியில அரசு சின்னத்தோட, பேட்டரி செத்துப்போய் கிடக்குது. வேடிக்கை என்னன்னா அதுல பல லாப்டாப்ல லினக்ஸ் அப்பவே இருந்துச்சு. மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி அமைப்பான சிடாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸ், அதாவது டெபியன்ங்கற லினக்ஸ்ல இருந்து கட்டின இந்திய டிஸ்ட்ரோ (லினக்ஸ்ல பல பேரு பல விதமா கட்டித் தர்ற ஒவ்வொரு வகைக்கும் டிஸ்ட்ரோன்னு பேரு), விண்டோஸ் பக்கத்துலயே டூயல் பூட்டா, அதாவது ஆன் பண்ணும்போது எது வேணும்னு மெனுவுல கேக்குற மாதிரி வந்துச்சு. மெனுவுல ரெண்டாவது வரியா இருந்ததை தெரியாம அழுத்திட்டு "லாப்டாப்புல வைரஸ் வந்துடுச்சு"ன்னு சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டு ஓடினவங்க கதை ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணு இருக்கும். கடைக்காரர் மொத்தமா ஃபார்மட் அடிச்சு ஒரு திருட்டு விண்டோஸ் 7 போட்டுக் குடுத்துடுவாரு, பாஸ் லினக்ஸ் ஆயுசு அத்தோட முடிஞ்சுது.

இதே லினக்ஸ் கேரளாவுல மட்டும் எப்படி நின்னுச்சுன்னு பாத்தா விஷயம் புரியும். அங்க ஐடி அட் ஸ்கூல் திட்டத்துல (இப்போ அதுக்கு கைட்னு பேரு) பாடப்புத்தகம், டீச்சர் ட்ரெயினிங், பிராக்டிகல் எக்ஸாம் எல்லாமே ஃப்ரீ சாஃப்ட்வேர்ல வெச்சாங்க. பசங்க அதுலயே மார்க் வாங்கணும்னா யாரு அழிப்பா? இங்கயும் முயற்சி இல்லாம இல்ல, உமாசங்கர் ஐஏஎஸ் தமிழ்நாடு அரசோட எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட்டுக்கு நிர்வாக இயக்குநரா இருந்தப்போ 2007 வாக்குல அங்க ஆபீஸ் கம்ப்யூட்டரையே சூசி லினக்ஸுக்கு மாத்தினாரு. அப்புறம் 2018ல வந்த புது பிளஸ் ஒன் புத்தகத்துல உபுண்டு பத்தியும் ஓப்பன் ஆபீஸ் பத்தியும் பாடமே வந்துச்சு. ஆனா 2011ல லாப்டாப் கையில கிடைச்ச பையனுக்கு அது ஏழு வருஷம் லேட்டு.

சரி, இப்போ அந்த 2 ஜிபி லாப்டாப்பை எடுத்து தூசி தட்டி வெச்சுக்கிட்டோம்னு வைங்க. அது ஏன் மெதுவா இருக்கு? எல்லாரும் புராசசரைத்தான் திட்டுவாங்க, ஆனா பெரும்பாலும் குத்தவாளி ஹார்ட் டிஸ்க். லாப்டாப்ல வர்றது நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற டிஸ்க். ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட் ஆகும், தேவையான இடம் படிக்கிற ஹெட்டுக்குக் கீழ வர சராசரியா அதுல பாதி, ஹெட் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகர இன்னொரு பத்துப் பன்னெண்டு மில்லி செகண்ட். கூட்டிப் பாத்தா அங்கங்க சிதறிக் கிடக்குற சின்னச் சின்ன ஃபைலை செகண்டுக்கு அறுபது எழுபது வாட்டிதான் போய் எடுத்துட்டு வர முடியும். சுத்துற பாகமே இல்லாம சிப்புலயே சேமிக்கிற எஸ்எஸ்டின்னு ஒண்ணு இருக்கு, இருக்குறதுலயே மட்டமான எஸ்எஸ்டி கூட அதே வேலையை செகண்டுக்கு ஆயிரக்கணக்குல பண்ணும். ரேஷன் கடையில ஒரே ஒரு தராசு இருக்கும்போது க்யூவுல யாரு நின்னா என்ன, அரிசியும் சர்க்கரையும் பருப்பும் ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணு, அந்த கதைதான். விண்டோஸ் 10 அந்த க்யூவுல தன்னோட ஆளுங்களையே பத்து பேரை நிறுத்தி வெச்சிருக்கும், அப்டேட் ஒருத்தன், ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஒருத்தன், சர்ச் இண்டெக்ஸ் ஒருத்தன்னு. லினக்ஸ் போட்டா அந்த ஆளுங்க குறையறாங்க, அதனாலதான் முதல் அஞ்சு நிமிஷம் "ஆஹா"ன்னு இருக்கு. ஆனா தராசு அதே ஒண்ணுதானே, ஃபயர்ஃபாக்ஸ் தொறக்க டபுள் க்ளிக் பண்ணிட்டு இன்னமும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

அதனால என்னோட தீர்ப்பு, எந்த டிஸ்ட்ரோன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு 240 ஜிபி சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க் சொருகுற அதே இணைப்பு) எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் ரெண்டாயிரத்துக்குள்ள கிடைச்சுட்டு இருந்துச்சு, மெமரி விலை ஏறினதுல அப்புறம் விலை ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொல்றாங்க, இருந்தாலும் பழைய மெஷின்ல செலவு பண்ற ஒரே காசு இதுவாத்தான் இருக்கணும். பழைய லாப்டாப்ல சாட்டா ஸ்பீடு பாதிதானே வரும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, செகண்டுக்கு எத்தனை வாட்டி எடுத்துட்டு வருதுங்கறதுதான் கணக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம், டிவிடி டிரைவ் இருக்குற மாடலா இருந்தா அதைக் கழட்டிட்டு அந்த எடத்துல வைக்க கேடின்னு ஒரு ஃப்ரேம் விக்கிது, அதுல போட்டு சொருகிடலாம், போட்டோ சினிமா எல்லாம் அதுல கிடக்கட்டும்.

அடுத்தது ராம். இங்கதான் டிஸ்ட்ரோ சண்டை ஆரம்பிக்கும். லினக்ஸ்ல கண்ணுக்குத் தெரியுற டெஸ்க்டாப்பே பல வகை, அதுல எல்எக்ஸ்க்யூடி சின்னது, எக்ஸ்எஃப்சிஇ அதை விட கொஞ்சம் பெருசு, க்னோம் போட்டா செத்தோம், ஆன்டிஎக்ஸ்ங்கற டிஸ்ட்ரோ 200 எம்பிலயே ஓடுதுன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுவாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா அந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லாமே கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது எடுத்தது. சும்மா வெச்சுப் பாக்கவா நாம கம்ப்யூட்டர் வாங்கினோம்? பிரவுசரைத் தொறந்து ஒரு மெயில், ஒரு யூடியூப், ஒரு நியூஸ் சைட் போட்டா ஒரு ஜிபிக்கு மேல அதுவே சாப்பிடும். டெஸ்க்டாப்ல நீங்க கஷ்டப்பட்டு மிச்சம் புடிச்ச 300 எம்பி ஒரே ஒரு டேப்ல காணாம போயிடும். 2011ல அந்த லாப்டாப் சரியாத்தான் ஓடுச்சு, அதுக்கப்புறம் அது சுருங்கிடல, வெப்சைட்டுங்கதான் ஊதிப்போச்சு. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமாலயும் இதை சரி பண்ண முடியாது. விளம்பரத்தைத் தடுக்குற யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு ஃபயர்ஃபாக்ஸ்ல போட்டா கிடைக்குற வித்தியாசம், டிஸ்ட்ரோ மாத்திக் கிடைக்குற வித்தியாசத்தை விட பெருசுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

4 ஜிபி ஆக்க முடிஞ்சா ஆக்கிடுங்க, முடிஞ்சா 8. பழைய ராம் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கு. டிடிஆர்3லயே ரெண்டு வகை, 1.5 வோல்ட், 1.35 வோல்ட். இன்டெல் 4ஆம் தலைமுறை லாப்டாப்ல இருந்து பெரும்பாலும் அந்த கம்மி வோல்ட்டேஜ் டிடிஆர்3எல்தான் வேலை செய்யும், தெரியாம மத்ததை வாங்கிப் போட்டா ஸ்க்ரீனே வராது. ராம் ஏத்தவே முடியாதுன்னா இசட்ராம்னு ஒண்ணு இருக்கு, ராமுக்குள்ளயே ஒரு பகுதியை ஒதுக்கி, உடனே தேவைப்படாத விஷயத்தை அதுல அமுக்கி சுருக்கி வெச்சுக்கும். சாதாரணமா ரெண்டு மூணு மடங்கு சுருங்கும், அதனால 2 ஜிபி ஏதோ 3 ஜிபி மாதிரி நடந்துக்கும். ராம் ரொம்பி, மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்குல எழுதி எழுதி எடுக்க (ஸ்வாப்) ஆரம்பிச்சா மவுஸே நகராதுல்ல, அந்த கொடுமையை இது தள்ளிப் போடும். ஃபெடோராங்கற டிஸ்ட்ரோ 2020ல இருந்தே இதை தானா போட்டுத்தான் குடுக்குது, டெபியன், மின்ட்ல நாமளே ஒரு பேக்கேஜ் போட்டுக்கணும், ரெண்டு நிமிஷ வேலை.

அப்போ வேகம் எஸ்எஸ்டியில, ராம்ல இருக்குன்னா லினக்ஸ் எதுக்கு, விண்டோஸ் 7யே இருந்துட்டுப் போகட்டுமேன்னு கேப்பீங்க. விண்டோஸ் 7க்கு அப்டேட் 2020 ஜனவரியிலயே நின்னு போச்சு, குரோம் 109ஆம் வெர்ஷனோட அதுக்கு டாட்டா காட்டிடுச்சு. பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷின்ல அதை வெச்சுக்க முடியாது. இங்க லினக்ஸ் குடுக்குறது வேகத்தை விட முக்கியமான ஒண்ணு, பழைய மெஷினுக்கு புது பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட். இது ஏன் அங்க மட்டும் முடியுதுன்னா காரணம் நல்ல மனசு இல்ல, அமைப்பு அப்படி. விண்டோஸ்ல வைஃபை கார்டு டிரைவரை (கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர்) அந்த கார்டு கம்பெனி எழுதணும், பத்து வருஷம் முன்னாடி வித்த கார்டுக்கு இன்னிக்கு டிரைவர் எழுதினா அவங்களுக்கு பைசா வராது, எழுத மாட்டாங்க. லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் சோர்ஸ் கோடு கெர்னலுக்குள்ளயே, அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதிக்குள்ளயே இருக்கு, உள்ள யாராவது ஒரு விஷயத்தை மாத்தினா அதைப் பயன்படுத்துற எல்லா டிரைவரையும் அந்த ஆளே திருத்திக் குடுக்கணும்ங்கறது அங்க வழக்கம். அதனால யாருமே கவனிக்காத பழைய சவுண்ட் கார்டு டிரைவர் கூட கூட்டத்தோட கூட்டமா உயிரோட வந்துக்கிட்டே இருக்கும். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸை எழுத ஆரம்பிச்சதே ஒரு 386 கம்ப்யூட்டர்லதான், 1985ல வந்த அந்த 386 சிப்புக்கான சப்போர்ட்டை கெர்னல்ல இருந்து எடுத்தது 2012 கடைசியில. இருபத்தேழு வருஷம்!

கோடு மூடி வெச்சிருந்தா என்ன ஆகும்னும் லினக்ஸ்லயே பாக்கலாம். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்குற பழைய மெஷின்ல, அந்த கம்பெனியோட சொந்த டிரைவர் 340 வரிசைக்கு 2019 கடைசியோட, 390 வரிசைக்கு 2022 கடைசியோட சப்போர்ட் நின்னுடுச்சு. புது கெர்னல் வந்ததும் அது ஒட்டாது. திறந்த டிரைவர் நூவோன்னு ஒண்ணு இருக்கு, படம் பாக்க, பிரவுஸ் பண்ண போதும், கேம் எல்லாம் மறந்துடுங்க. அதனால பழைய லாப்டாப் செகண்ட்ஹேண்ட்ல வாங்குறீங்கன்னா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இன்டெல் மெஷினா பாத்து வாங்குங்க, ஜாஸ்தி ஃபீச்சர் இருந்தா ஜாஸ்தி நல்லதுங்கற கணக்கு இங்க தலைகீழ்.

டிஸ்ட்ரோ எதுன்னு கேட்டா சுருக்கமா சொல்லிடறேன். 4 ஜிபி இருந்தா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், விண்டோஸ்ல இருந்து வர்றவங்களுக்கு கண்ணுக்கும் பழகின மாதிரி இருக்கும். 2 ஜிபின்னா டெபியன்ல எல்எக்ஸ்க்யூடி, இல்லன்னா லுபுண்டு. பாஸ் லினக்ஸே மறுபடி போடலாமேன்னா போடலாம், ஆனா ஏதாவது சிக்கல்னு தேடினா டெபியனுக்கும் மின்ட்டுக்கும் இருக்குற அளவுக்கு பதில் கிடைக்காது, புதுசா வர்றவங்களுக்கு அதுதான் முக்கியம். தமிழ்லயே படிக்கணும்னா கணியம்ங்கற இணைய இதழ்ல 2012ல இருந்து எழுதிக்கிட்டு இருக்காங்க.

இன்ஸ்டால் பண்றது இன்னிக்கு விண்டோஸை விட ஈசி, டிஸ்ட்ரோ சைட்ல இறக்குற ஐஎஸ்ஓ ஃபைலை ரூஃபஸ் இல்ல வென்டாய்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு பென்டிரைவ்ல ஏத்தி, ஆன் பண்ணும்போது எஃப்12 (சில கம்பெனியில எஃப்9, எஸ்கேப்) தட்டினா வந்துடும். கஷ்டம் எல்லாம் அதைச் சுத்தி இருக்குற விஷயத்துலதான். முதல் வேலை, இன்ஸ்டால் பட்டனைத் தொடாம பென்டிரைவ்ல இருந்தே லைவா ஓட்டிப் பாருங்க, வைஃபை புடிக்குதா, சவுண்டு வருதா, மூடித் தொறந்தா எழுந்திருக்குதா. பிராட்காம் கம்பெனி வைஃபைன்னா பெரும்பாலும் தனியா டிரைவர் ஏத்தணும், அப்போ நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும், இந்த வட்டத்தை உடைக்க போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் (போன் நெட்டை கம்ப்யூட்டருக்குப் பகிர்றது) போட்டா போதும், இது பெரும்பாலான டிஸ்ட்ரோவுல தானா வேலை செய்யும். டெபியன் 12ல இருந்து, வைஃபை மாதிரி சிப்புக்குள்ள ஏத்துற மூடின சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலர்லயே சேத்துட்டாங்க, 2022ல ஓட்டெடுப்பு நடத்தி எடுத்த முடிவு, முன்னாடி இதுக்காகவே தனி ஐஎஸ்ஓ தேடி அலையணும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா பல பேரை சுத்தல்ல விட்டது. வருஷக்கணக்கா சும்மா கிடந்த மெஷின்ல மதர்போர்டு செல் செத்திருக்கும், அந்த சிஆர்2032 பட்டன் செல். தேதி ஏதோ 2010ன்னு காட்டும். தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்த சைட்டையும் நம்பாது, சர்டிஃபிகேட் தப்புன்னு எல்லாத்துக்கும் எரர் போடும், சாஃப்ட்வேர் டவுன்லோடும் அடம் புடிக்கும். லினக்ஸ் சரியில்லன்னு திட்டறதுக்கு முன்னாடி மூலையில இருக்குற கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்க.

விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்துல லினக்ஸும் இருக்கட்டும்னு நினைக்கிறவங்க ஃபோட்டோ எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க, "இரேஸ் டிஸ்க்"னு இன்ஸ்டாலர் கேக்குறது மொத்த டிஸ்க்கையும்தான், சி டிரைவை மட்டும் இல்ல. விண்டோஸ் 8, 10ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்ணணும், ஏன்னா அது ஷட்டவுன் மாதிரி நடிச்சுட்டு பாதி தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவுல எதையும் எழுத விடாது.

யாருக்கெல்லாம் நான் லினக்ஸ் வேண்டாம்னு சொல்வேன்னும் சொல்லணும். டேலி போடுறவங்க, அது விண்டோஸ் சரக்கு. டிடிபி சென்டர் வெச்சிருக்கவங்க, பேஜ்மேக்கரும் ஃபோட்டோஷாப்பும் இல்லாம கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியாது, மாத்தச் சொன்னா அடிக்க வருவாங்க. எங்க தொறந்தாலும் தமிழாவே தெரியுற யூனிகோடுதான்னு 2010லயே அரசாணை வந்தும் வானவில், பாமினிங்கற பழைய ஃபான்ட்டுங்க இன்னும் சாகல, அந்த ஃபான்ட்ல அடிச்ச பழைய வேர்டு ஃபைலை லிப்ரே ஆபீஸ்ல தொறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும், அந்த ஃபான்ட் ஃபைலை லினக்ஸ்லயும் காப்பி பண்ணிப் போட்டாத்தான் தமிழா வரும். புதுசா தமிழ் அடிக்கிறதுல சிக்கலே இல்ல, தமிழ்99 கீபோர்டு ஐபஸ்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேரோட எம்17என் பேக்கேஜ்ல வருது, ஃபோனடிக்கும் இருக்கு, நோட்டோ ஃபான்ட் ஏத்திக்கிட்டா எழுத்தும் அழகா இருக்கும்.

அப்புறம் பிரிண்டர். நம்ம ஊரு ஜெராக்ஸ் கடை, வக்கீல் ஆபீஸ் எங்க போனாலும் கேனன் எல்பிபி 2900தான். லினக்ஸ்ல இது ஒரு தலைவலி, கேனனோட பழைய கேப்ட்ங்கற டிரைவரை வெச்சு முட்டி மோதி ஓட விடலாம், ஒரு அப்டேட்ல மறுபடி படுத்துக்கும். ஹெச்பி 1020 பரவால்ல, ஹெச்பியோட சாஃப்ட்வேர்ல ஒரு பிளகின் கூட இறக்கினா ஓடும். பிரிண்டரை வெச்சு பொழைக்கிற இடத்துல முதல்ல பிரிண்டர் மாடலைப் பாத்துட்டுத்தான் லினக்ஸ் பேச்சையே எடுக்கணும்.

கடைசியா 32 பிட், அதாவது இப்போ வர்ற 64 பிட் புராசசருக்கு முந்தின பழைய வகை. இதுல இப்போ காலம் மாறிடுச்சு. 2 ஜிபி மெஷின்ல 32 பிட் விண்டோஸ் 7 போட்டுத்தான் நிறைய குடுத்தாங்க, அதைப் பாத்துட்டு "நம்மது 32 பிட் கம்ப்யூட்டர்"னு முடிவு பண்ணி பழைய 32 பிட் ஐஎஸ்ஓவைத் தேடி அலையறாங்க. புராசசர் பேரைப் பாருங்க, கோர் 2 டுயோல இருந்து இந்தப் பக்கம் வந்த இன்டெல் லாப்டாப் பெரும்பாலும் 64 பிட்தான், அரசு லாப்டாப்பும் அப்படித்தான். நெஜமாவே 32 பிட்னா அது 2008 வாக்குல வந்த ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக், இல்ல பென்டியம் 4 ஆரம்ப காலத்து டெஸ்க்டாப். அதுக்கு கதவு ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டு வருது. உபுண்டு 2017லயே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை நிறுத்திடுச்சு, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலர் இல்ல, ஃபயர்ஃபாக்ஸும் 145ல இருந்து 32 பிட் லினக்ஸை விட்டுடுச்சு. டெபியன் 12 இல்ல ஆன்டிஎக்ஸ் 23 போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். அப்படிப்பட்ட மெஷின்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு விஎல்சியில பாட்டு கேக்கலாம், லிப்ரே ஆபீஸ்ல குழந்தைங்க டைப்பிங் பழகலாம், பேங்க் வேலைக்கு போன் இருக்கே.